சிங்கப்பூர் மணி

"மகனுக்குச் செவ்வாய் தோஷம் இருக்கு" என்றான் வேலன். எண்பத்தெட்டில், கொச்சி மட்டாஞ்சேரியில் கம்ப்யூட்டர் ஜாதகம் போடும் ஒரே கடை அவனுடையது. புரோகிராமும் அவன் எழுதியதுதான்.

சிங்கப்பூரிலிருந்து கைக்குழந்தையோடு லீவில் ஊருக்கு வந்திருந்த மாயம்மாள் நம்பவில்லை. "இவன் சிங்கப்பூர்ல பொறந்தவன். அங்க மணி நமக்கு முன்னாடி ஓடுமே, அதைக் கழிச்சீங்களா?"

வேலன் திடுக்கிட்டான். எந்த நாட்டில் பிறந்தாலும் பிறந்த நேரத்தை இந்திய மணி என்றே புரோகிராம் எடுத்துக்கொண்டிருந்தது. காது சிவக்க அதைத் திருத்தி, மறுபடி ஓட்டினான்.

"தோஷம் இல்லை. மன்னிச்சிடுங்க."

வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"நீங்களும் சிங்கப்பூர்ல பொறந்தவர்தானே? உங்க ஜாதகத்துல தோஷம்னு இதே கம்ப்யூட்டர் சொல்லித்தானே மூணு வருஷம் முன்னாடி என்னைக் கட்டிக்க மாட்டேன்னீங்க? அதையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க."

வேலன் தலை நிமிராமல் கம்ப்யூட்டரை அணைத்தான்.