படக்காரரின் ராசி

“வந்துடுச்சு! அடுத்த படம் வந்துடுச்சு!”

படக்காரர் போட்ட கூச்சலில் கட்டுப்பாட்டு அறையே திரும்பிப் பார்த்தது. பெரிய திரையில் வால்மீன், அடுப்பில் போட்டுத் தோல் கருகிய உருளைக்கிழங்கு மாதிரி மிதந்தது. அதில் இறங்கப் போகும் விண்கலம் நெருங்க நெருங்கப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தது. அவ்வளவு தொலைவிலிருந்து ஒவ்வொரு படமும் பூமிக்கு வந்து சேர அரை மணி நேரம் பிடித்தது. இனிமேல் கலத்துக்கு எதுவும் சொல்ல முடியாது. சொன்னாலும் அது போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

“பாரும்மா, நான் சொன்ன இடம்! ஒரு கல்லு கிடையாது. மொழுமொழுன்னு எப்படி இருக்கு பாரு!”

“கண்ணு வைக்காதீங்க அண்ணே” என்று சிரித்தார் திட்டத் தலைவி. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

கலத்தின் கேமராவைச் செய்தவர் என்பதால் அவர் எல்லோருக்கும் படக்காரர். முதுகுக்குப் பின்னால் கேலியாக இன்னொரு பெயரும் இருந்தது: ராசிக்காரர். இதற்கு முன் போன இரண்டு கலங்களும் இறங்கும்போது இந்த மனிதர் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்று பாறையில் மோதிச் சிதறியது. இன்னொன்று போன இடமே தெரியவில்லை. அவர் தொட்டால் காபி மெஷின்கூட நின்றுவிடும் என்று ஒரு பேச்சு உலாவியது. அதில் பாதி உண்மைதான்.

எஞ்சினைக் கவனிக்கும் எஞ்சின்காரர் தலைவியின் அருகே வந்து குனிந்தார். அவருடைய ரகசியம் நாலு மேஜைக்குக் கேட்கும்.

“மேடம், இன்னும் அவரை உட்கார வெச்சிருக்கீங்களே! ரெண்டு தடவை பட்டது போதாதா?”

“நீங்கல்லாம் விஞ்ஞானம் படிச்சவங்கதானே?”

“படிச்சிருக்கோம். இருந்தாலும் எதுக்கு மேடம் வம்பு?”

பக்கத்தில் நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. தலைவி அவர்களை ஒரு பார்வை பார்த்தார்.

“சரி. செய்தி வர்ற நேரத்துல அவர் இந்த அறையில இருக்க மாட்டார். போதுமா?”

படக்காரர் காதில் எல்லாம் விழுந்தது. விழாத மாதிரி திரையைத் துடைத்தார்.

சுவரில் இருந்த கடிகாரம், இறங்கிய செய்தி வருவதற்கு மிச்சமிருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. எஞ்சின்காரர் தொண்டையைக் கனைத்தார். தலைவி அதைக் கண்டுகொள்ளவில்லை.

“அண்ணே, அந்த மூலையில தெரியறது பாறையா, நிழலா?”

“நிழல்தாம்மா.”

“எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க.”

பார்த்துச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே நிழலைப் பற்றிக் கேட்டார் தலைவி. அப்புறம் ஒரு பள்ளம். அப்புறம் திரும்பவும் அந்த நிழல். என்னாச்சு இந்தப் பெண்ணுக்கு, பதற்றத்தில் சொன்னதெல்லாம் மறந்து போகிறதா என்று படக்காரருக்கே கவலையாகிவிட்டது.

கடைசிப் படம் வந்தது. திரை முழுக்கச் சாம்பல் நிறத் தரை. அறையில் விசில் பறந்தது. இனிக் கேமரா மூடிக்கொள்ளும். சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் மிச்சமிருந்தது.

“மேடம்!” எஞ்சின்காரர் கையைப் பிசைந்தார்.

தலைவி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அண்ணே, உங்க வேலை முடிஞ்சுது. போய் ஒரு காபி குடிச்சுட்டு வாங்க.”

“நீயுமாம்மா?”

படக்காரர் எழுந்து யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

உணவகத்தில் ஈ காக்கை இல்லை. அவர் பொத்தானை அமுக்கியதும் காபி மெஷின் ஒரு முறை உறுமிவிட்டு அரைக் கோப்பையோடு நின்றது. அவருக்கே சிரிப்பு வந்தது.

கலம் நல்லபடியாக இறங்கிவிட்டால், ‘அந்த ஆளை வெளியே தள்ளினோம், இறங்கிடுச்சு’ என்று ஆயுசுக்கும் சொல்வார்கள். இனி எந்தக் கலம் எங்கே இறங்கினாலும் அவருக்கு இந்த மேஜைதான். இறங்காவிட்டால் அத்தனை பேருடைய உழைப்பும் வீண்.

“என் பேரு போனாப் போகட்டும்” என்றார் கோப்பையைப் பார்த்து. “நீ பத்திரமா இறங்கிடுடா கண்ணா.”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கட்டடமே குலுங்குகிற மாதிரி ஒரு ஆரவாரம். படக்காரர் காபியைத் தட்டிவிட்டு ஓடினார்.

அறையில் காகிதங்கள் பறந்தன. யார் யாரைக் கட்டிப்பிடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. எஞ்சின்காரர் பாய்ந்து வந்து படக்காரரை அலாக்காகத் தூக்கினார்.

“இறங்கிடுச்சு சார்! நீங்க சொன்ன அதே இடம்! ஆனா ஒண்ணு, தப்பா நினைக்காதீங்க, நீங்க வெளிய இருந்ததும் நல்லதாப் போச்சு. அடுத்த தடவையும் இதே மாதிரி செஞ்சிடலாம்!”

எல்லோரும் சிரித்தார்கள். படக்காரரும் சிரித்தார். கண்ணில் வந்த தண்ணீர் சந்தோஷத்தினால் வந்தது என்று அவரவர் நினைத்துக்கொண்டார்கள். பாதி அதுதான்.

தலைவி மேஜையைத் தட்டினார்.

“ஒரு நிமிஷம். அங்கேருந்து செய்தி வர எவ்வளவு நேரம் ஆகும்?”

“அரை மணி” என்றார் எஞ்சின்காரர், இது என்ன கேள்வி என்கிற மாதிரி.

“அண்ணன் வெளிய போய் எவ்வளவு நேரமாச்சு?”

“பத்து நிமிஷம்...” என்று ஆரம்பித்த எஞ்சின்காரரின் குரல் பாதியில் இறங்கிப்போனது.

தலைவி அந்தப் பழைய நாற்காலியைப் படக்காரர் பக்கம் இழுத்துப் போட்டார்.

“அப்போ, அரை மணிக்கு முன்னாடி கலம் தரையைத் தொட்டப்போ அண்ணன் இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தார். அதுவரைக்கும் அவரை எழுந்திருக்க விடாம வைக்கத்தானே, ஒரே நிழலைப் பத்தி அத்தனை தடவை கேட்டேன்!”