கூடப் போகிறவன்

லிபின் இரண்டு கால்களையும் நீட்டிப் பாய்ந்ததில் எதிரணி ஜெரோமின் கால் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விசில் ஊதி, லிபினுக்குச் சிவப்பு அட்டை காட்டினேன். ஆனால் அவனால் வெளியேற முடியவில்லை. தரையில் கிடந்த ஜெரோம் அவன் கையைப் பிடித்திருந்தான்.

"விடுடா, ரெஃப்ரீ போகச் சொல்றாரு."

"போடா பாப்போம்."

இரண்டு அணிகளும் சேர்ந்து இழுத்தும் பிடி தளரவில்லை. ஸ்ட்ரெச்சரோடு லிபினும் நடந்தான். அவனை அடிக்கச் சொல்லிக் கத்திய கூட்டம் குழம்பிப்போய் வழிவிட்டது.

"கூட யாருப்பா வர்றது?" என்றார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்.

"இவன்தான். எங்க முறிஞ்சதுன்னு இவனுக்குத்தான் தெரியும்" என்றான் ஜெரோம்.

லிபின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, அனுமதி கேட்பவனைப்போல என்னைத் திரும்பிப் பார்த்தான். அதற்கு என்ன சைகை காட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை.