கேமராவுக்குப் பின்னால்

“மில்லுல எப்பிடி சேந்தீங்கய்யா?” என்று கேட்டாள் ஆவணப்படம் எடுக்க வந்த பூவிழி.

மில்லில் தறி ஓட்டிய முதியவர் பாவாடை தன் கதையைத் தங்குதடையில்லாமல் சொன்னார். மனைவி சின்னப்பாப்பா கேமராவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நின்றிருந்தார்.

“கல்யாணம்?”

“ஒரு வருஷம் இவ பின்னாடியே அலைஞ்சேன். கால்ல விழாத குறைதான்.”

“இந்த வயசுலயும் என்ன ஞாபகம்யா உங்களுக்கு!”

அடுப்பில் பால் பொங்கியது. சின்னப்பாப்பா உள்ளே ஓடினார்.

“மூத்த பையன் பேரு என்னங்கய்யா?”

பாவாடை கேமராவுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாருமில்லை.

“அவ வரட்டும்மா.”

“அவங்கதான் ஒண்ணுமே பேசலையே!”

திரும்பி வந்த சின்னப்பாப்பா சிரித்தார்.

“ரெண்டு வருஷமா அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லம்மா. நான் உதட்ட அசைச்சேன், அவரு பாத்து சொன்னாரு. தறி ஓடுற சத்தத்துல காது எங்க கேக்கும்? மில்லுல நாங்க எல்லாம் உதட்டப் பாத்துதான் பேசிக்குவோம்.”

“அப்போ, உங்க பின்னாடி அலைஞ்சது?”

“அலைஞ்சது நான்தான். இத்தினி வருஷமா சொல்லிக் காட்டிக்கிட்டே இருந்தாரு. இன்னிக்கு மாத்திட்டேன். அத மட்டும் வெட்டிடாதம்மா!”