பள்ளிக்கூட நாயும் வம்ச மானமும்

தலைமையாசிரியை, பெரியவர், அவருடைய பேத்தி, பிள்ளைகளின் மனப்பாரத்தைக் குறைக்கப் பள்ளியில் வைத்திருந்த நாய்: அறையில் இருந்தது இவ்வளவு பேர்தான்.

"எங்க வம்சத்துல யாருக்கும் மனசு சரியில்லாமப் போனதில்ல. இவளை எதுக்கு நாய்கிட்ட உட்கார வைக்கிறீங்க? நாலு பேர் என்ன பேசுவாங்க? டி.சி. குடுங்க."

"அவளாத்தான் வர்றா, ஐயா. வீட்டுல ஏதோ பயமாம். என்னன்னு சொல்ல மாட்டேங்கிறா."

"என் வீட்டுல பயமா?" பெரியவர் மேசையை ஓங்கித் தட்டினார்.

நாய் நடுங்கிப்போய்ப் பேத்தியின் மடியில் முகம் புதைத்தது. அவள் அதன் காதுகளைப் பொத்தினாள்.

"பயப்படாதே. தாத்தா கொஞ்ச நேரத்துல ஓய்ஞ்சுடுவார். வீட்டுல நான் கட்டிலுக்கு அடியில போயிடுவேன்."

பெரியவர் உட்கார்ந்தார். டி.சி. வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

நாய்க்குப் பயந்து பெரியவர் அடங்கிவிட்டதாக வெளியே பேச்சு. அது தவறு. நாய்தான் அவருக்குப் பயந்தது.