புதுசு கனமாம்

“அடுத்தவன் தட்டித் தேய்ச்சதை எம்பொண்ணு தொடமாட்டா. புதுசா எடுங்க.” கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கடைக்காரர் பழைய லேப்டாப்பை ஒதுக்கிவிட்டுப் புதியதைக் கண்ணாடி மேசைமீது வைக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் விலைச்சீட்டு பளிச்சென்று தெரிகிறது. சட்டைப்பைக்குப் போன அப்பாவின் கை அங்கேயே நின்றுவிடுகிறது. மேலே மின்விசிறி கறகறக்கிறது. சொன்ன சொல்லை விழுங்கவும் முடியவில்லை, பணத்தை எடுக்கவும் முடியவில்லை. “என்னங்கய்யா, பில் போட்டுடலாமா?” கடைக்காரர் காத்திருக்கிறார். நாளை கல்லூரி திறக்கிறது. மகள் புதியதைத் தூக்கிப் பார்க்கிறாள். “ரொம்பக் கனம்ப்பா இது. தினம் பஸ்ல யாரு சுமக்கறது? எனக்குப் பழசே போதும்.” சொல்லிக்கொண்டே புதியதை ஒற்றைக் கையால், சாப்பிட்ட தட்டை நீட்டுவதுபோலக் கடைக்காரரிடம் நீட்டுகிறாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு வாங்குகிறார். “கனமாத்தான் இருக்கும்” என்கிறார் அப்பா, அதைத் தொடாமலே.