டாக்டர் பார்த்த குதிரை

காப்பீட்டுக் கம்பெனிக் கடிதத்தோடு தங்கை மாப்பிள்ளை லாயத்தில் நிற்பதைப் பார்த்ததும் குதிரை டாக்டர் அவசரமாகக் குதிரையின் காலைப் பார்த்தார்.

அந்த ஒற்றைக் குதிரையை நம்பித்தான் தங்கை குடும்பம் ஓடுகிறது. பழைய காயம் இருந்தால் காலுக்குக் காப்பீடு கிடையாது. அதனால், இரண்டு வருடம் முன்பு தானே கட்டுப் போட்ட காலை மறைத்து, 'பழைய காயம் எதுவும் இல்லை' என்று சர்டிபிகேட் எழுதி, யாரிடமும் மூச்சு விடாமல் கம்பெனிக்கு நேராக அனுப்பியிருந்தார்.

"மறுபடியும் காலா, மாப்ளே?"

"இல்ல மச்சான், வயித்துல கட்டி. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வயித்துக்குத்தான் காப்பீடு உண்டே!"

"தர முடியாதுங்கறாங்க. இது வேற குதிரையாம்."

"என்னது?"

"பொய் சொல்ல மனசு வரல மச்சான். கால் போனாப் போகுது, மத்ததுக்காவது கிடைக்கட்டும்னு பழைய காயத்தை விண்ணப்பத்துல எழுதிட்டேன். உங்க சர்டிபிகேட்டுல காயமே இல்லையாம். டாக்டர் பார்த்தது வேற குதிரைன்னு அடிச்சுச் சொல்றாங்க. எவனோ பேப்பரை மாத்தி வச்சிட்டான். நீங்க வந்து ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னாப் போதும்."

குதிரை கழுத்தை நீட்டி, தனக்குக் கட்டுப் போட்ட கையை அடையாளம் கண்டுகொண்டு நக்கியது.