இருநூத்தி முப்பது கிராம்

"அக்கா, எங்கம்மா என்னைய ஏமாத்துறாங்க. நீங்க கீழ போய் செத்த நேரம் நின்னு பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

புனேயிலிருந்து ஈஸ்வர் போனில் கெஞ்சினான். மாடியில் குடியிருக்கும் சௌந்தர்யாவுக்கும் ஆத்திரமாகத்தான் வந்தது. வராதா பின்னே?

கீழ்வீட்டுப் பேச்சியம்மாளுக்குச் சர்க்கரை. மதியத்துக்கு நூற்றைம்பது கிராம் சோறுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை உடனே ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கி அனுப்பினான். தட்டைத் தராசில் வைத்து, போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்ப வேண்டும். அம்புட்டுத்தான் வேலை. அதையும் இந்தம்மா ஒழுங்காகச் செய்வதில்லை. ஒரு நாள் இருநூறு, இன்னொரு நாள் இருநூற்று நாற்பது. கேட்டால், "கப்புல ஒண்ணுதானப்பா அளந்தேன்" என்று சாதிக்கிறாளாம்.

"இன்னைக்கும் கூடுச்சுன்னா மெஸ்ல சொல்லி, அளந்த சாப்பாடே வீட்டுக்கு வர வச்சிருவேன்க்கா. போட்டோவும் வேணாம், தினம் இந்தச் சண்டையும் வேணாம்."

இப்படி ஒரு பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்? நாக்கைக் கட்டத் தெரியாத அம்மாவை மனசுக்குள் திட்டிக்கொண்டே படி இறங்கினாள் சௌந்தர்யா. குடிவந்து இரண்டு வருஷம். மோட்டார் போடச் சொல்வதற்குத் தவிர, இந்த வாசலுக்கு அவள் வந்ததில்லை.

கதவு திறந்தே கிடந்தது. அடுப்படியில் தராசின் முன்னால் நின்றிருந்தாள் பேச்சியம்மாள். தட்டில் கொஞ்சூண்டு சோறு. தராசு சுத்தமாக நூற்றைம்பது காட்டியது.

'அட, சரியாத்தானே இருக்கு!' என்று சௌந்தர்யா நினைக்கும்போதே, அந்தம்மா குண்டானிலிருந்து இன்னொரு கரண்டி அள்ளி வைத்தாள். அப்புறம் அரைக் கரண்டி. இருநூற்று முப்பது. போட்டோ எடுத்து அனுப்பினாள். அனுப்பிய கையோடு, கூடுதலாக வைத்ததை வழித்துக் குண்டானிலேயே போட்டு மூடிவிட்டாள்.

இதென்ன கூத்து?

"வா தாயி, உக்காரு" என்ற பேச்சியம்மாள், போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தாள். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, மறுபடியும் இருநூத்தி முப்பதா?"

"கப்புல ஒண்ணுதானப்பா போட்டேன்."

"அமுக்கி அமுக்கி அளந்தா ஒரு கப்பே இருநூறைத் தாண்டும்மா. பொலபொலன்னு அள்ளணும். எத்தனை தடவை சொல்றது?"

"அப்படியா… சோறு குழைஞ்சிருந்தா?"

"குழைஞ்சா இன்னும் கூடும்."

"சீரகச்சம்பான்னா?"

"அம்மா! எந்த அரிசியா இருந்தாலும் தராசைப் பாரும்மா. கப்பை விடு."

"சரிப்பா. நீ சாப்டியா? இன்னைக்கு என்ன வெஞ்சனம்?"

"கேன்டீன்லதாம்மா. வேலை கிடக்கு, வைக்கிறேன்."

பேச்சியம்மாள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். செத்த நேரத்தில் அதுவும் வடிந்துபோனது. வீடு மறுபடியும் கம்மென்று ஆகிவிட்டது.

"ஏன் பெரியம்மா இப்படிப் பண்றீங்க? சரியாத்தானே அளந்து வச்சிருந்தீங்க? பாவம், அங்க அவர் கிடந்து தவிக்கிறாரு!"

பேச்சியம்மாள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சரியாவும் அனுப்பிப் பாத்தேன் தாயி. கட்டைவிரல் படம் ஒண்ணு வரும். அதோட சரி, அன்னைக்குப் பூரா ஒரு சத்தம் இருக்காது. கூட வச்சாத்தான் எம்புள்ள பேசுறான்."

சௌந்தர்யாவுக்கு இந்தம்மாவையா திட்டிக்கொண்டு வந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

அதற்குள் அவளுடைய போன் அடித்தது. ஈஸ்வர்தான்.

"பாத்தீங்களாக்கா? மெஸ்ல சொல்லிரவா?"

பேச்சியம்மாள் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவளையே பார்த்தாள்.

"மெஸ்ஸெல்லாம் வேணாம் தம்பி. சாப்பாடு கூடாம நான் பாத்துக்கிறேன். ஆனா, இந்தக் கப்புக் கணக்கு மட்டும் அம்மாவுக்குப் பிடிபடவே மாட்டேங்குது. நீங்கதான் தினமும் கூப்பிட்டு, பொறுமையாச் சொல்லிக் குடுக்கணும்" என்றாள் சௌந்தர்யா.